ராகுகாலத்தில் வார்டுக்கு வந்த நாய்

எழுபதுகளில் சித்தூர் மிஷன் காம்பவுண்டில் லோயிஸ் டீச்சர் வீடு எது என்று கேட்டால் ஆள் கொஞ்சம் யோசிப்பான். நாய்க்கார டீச்சர் என்று கேட்டால் குதிரைவண்டிக்காரன்கூட நேராகக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவான். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்ததா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள். ஏனென்றால் அதற்கு முன்னால் அவளுக்கு அங்கே இருந்த பெயர், புருஷனை விட்டுட்டு வந்தவள்.

அந்தக் கதையை முதலிலேயே சொல்லி முடித்துவிடலாம். லோயிசைத் திருப்பதியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை தேவானந்தம் ஹைஸ்கூல் வாத்தியார். சபையில் பாடகர் குழுவுக்குத் தலைவர். அவர் சட்டையில் ஒரு கறை பார்க்க முடியாது. அவருக்கு ரேணிகுண்டாவில் இன்னொரு குடும்பம் இருந்தது. திருப்பதி சபைக்கு அது தெரியும், சித்தூர் சபைக்கும் தெரியும், கடைசியாகத்தான் லோயிசுக்குத் தெரிந்தது. தெரிந்த மறுநாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தேவானந்தத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனுஷன் அங்கே ஞாயிறு தவறாமல் பாடிக்கொண்டுதான் இருந்தார். தண்டனை இங்கே லோயிசுக்கு வந்தது. மாதர் சங்கத்துப் பெண்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய், வார்டு வார்டாகப் பாடி, கட்டில் கட்டிலாக ஜெபம் பண்ணிவிட்டு வருவார்கள். லோயிஸ் பாவாடை கட்டின காலத்திலிருந்து அம்மாவோடு அதற்குப் போய்க்கொண்டிருந்தவள். இப்போது சங்கத் தலைவி ஜெயகுமாரியம்மா அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"தன் குடும்பத்தையே கட்டிக் காப்பாத்திக்கத் தெரியாதவ, வியாதிக்காரங்களுக்கு எப்பிடிம்மா ஜெபம் பண்ணுவ? நாலு பேரு கேக்க மாட்டாங்களா?"

எந்த நாலு பேர் என்று லோயிஸ் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, வீட்டுக்கு வந்து அழுதாள். அவளுக்கு வேலை கிடைத்தது, சந்தப்பேட்டையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. சம்பளம் வந்தது, தலைக்கு மேலே கூரை இருந்தது. ஆனால் இன்றைக்கு லோயிஸ் வரவில்லையே என்று ஒரு ஆள் தேடுகிற இடம் என்று எதுவும் அவளுக்கு இல்லாமல் போயிற்று. அந்த ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களை ஓட்டுவது பெரிய பாடாக இருந்தது.

நாய் வந்தது அந்தச் சமயத்தில்தான். வெதுருகுப்பத்துப் பக்கத்து ஆள் ஒருவர் மகளை வகுப்பில் சேர்க்க வந்தபோது, டீச்சருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு குட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கோழியோ பூசணிக்காயோ கொண்டுவருவார்கள். இவர் நாய்க்குட்டி கொண்டுவந்தார். கன்னங்கரேல் என்று, மூக்கு எது முகம் எது என்று தெரியாத கருப்பு. லோயிசின் அப்பா சுந்தர்ராஜ் அதற்கு மேஜர் என்று பெயர் வைத்தார். யுத்த காலத்தில் அவர் ராணுவ ஆஸ்பத்திரியில் வார்டு பையனாக இருந்தவர். அங்கே ஒரு மேஜர் டாக்டர் தினமும் அவரை ஏசியிருக்கிறார்.

"அன்னிக்கு நான் அவன் பின்னால ஓடிக்கினு இருந்தேன். இன்னிக்கு மேஜர்னு கூப்ட்டா வால ஆட்டிக்கினு என் பின்னால வர்றான் பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மேஜர் பள்ளிக்கூடத்துக்குத் தானாகவே பின்னால் வந்தது. ஜூன் மாதத்து ஒன்றாம் வகுப்பு எப்படி இருக்கும் என்று டீச்சர்களைக் கேட்டால் தெரியும். ஒன்று அழுதால் எல்லாம் அழும், ஒன்று கதவைத் தாண்டினால் எல்லாம் தாண்டும். மேஜர் உள்ளே வந்து மேஜைக்கு அடியில் படுத்த அன்றைக்கு, செல்வி என்று ஒரு சிறுமி, மூன்று வாரமாக வாயை மூடாமல் அழுதவள், அதன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழ மறந்துபோனாள். லோயிஸ் அதைப் பார்த்தாள். மறுநாளும் நாயை விரட்டவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்தது முறையான பழக்கம். காலையில் வீட்டில் மேஜருக்குச் சோறு போடுவதை நிறுத்தினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒரு துண்டு ரொட்டி நீட்டவேண்டும், அதுதான் அதன் காலைச் சாப்பாடு. கை நீளும், ரொட்டி வரும். இப்படியே வளர்ந்த நாய்க்கு, உலகத்தில் எந்தக் கை நீண்டாலும் அது நல்ல கை என்று மனதில் பதிந்துவிட்டது. யார் கையை நீட்டினாலும் போய் மடியில் மோவாயை வைக்கும். வாலை இழுத்தால் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். டீச்சர் முன்னால் வாய் திறக்காத பிள்ளைகள் மேஜரிடம் பாடம் படித்தார்கள். தப்பாகப் படித்தாலும் அது திருத்தாது, அதனால் கூச்சமில்லாமல் படித்தார்கள்.

தலைமையாசிரியர் நாகையா தெலுங்குக்காரர். ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "லோயிசம்மா, இன்ஸ்பெக்டர் ஒஸ்தே இதயும் அட்டெண்டன்ஸ்ல சேக்கணுமா ஏமி?" என்றார். கிண்டல்தான். ஆனால் அதற்கடுத்த வாரத்திலிருந்து அவர் சட்டைப்பையில் பிஸ்கட் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு மேஜர் போனதும் இப்படித்தான், யாரும் கூப்பிடாமல். சுந்தர்ராஜுக்குச் சர்க்கரை. கால் விரலில் புண் ஆறாமல் மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். லோயிஸ் வண்டியில் சோறு கொண்டுபோனபோது நாய் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்து, காவலாளி பார்ப்பதற்குள் ஆண்கள் வார்டில் நுழைந்துவிட்டது. சுந்தர்ராஜிடம் போகவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குப் போயிற்று. அங்கே சின்னப்பன் என்று கல் உடைக்கிற ஆள், வெடியில் ஒரு கையை இழந்தவன், சோறு வேண்டாம், மருந்து வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இன்னொரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நீண்ட கை அல்லவா? மேஜர் போய் அதில் மோவாயை வைத்தது.

சின்னப்பன் திரும்பிப் பார்த்தான். பிறகு தட்டிலிருந்து ஒரு வாய் சோற்றை எடுத்து அதற்குக் கொடுத்தான். வார்டு சிஸ்டர் தபீதாள் அந்தப் பக்கம் வந்தவர், நாயை விரட்டப் போவதாகத்தான் வந்தார். அவர் குரல் கேட்டால் டாக்டர்களே நிமிர்ந்து நிற்பார்கள். வந்தவர் நின்றுவிட்டார்.

"அதுக்கு ஒரு வா, ஒனக்கு ஒரு வா. அப்பிடின்னா இருக்கட்டும். இல்லன்னா இப்பவே வெளிய" என்றார்.

சின்னப்பன் தின்றான். தட்டு காலியானது.

தபீதாள் சிஸ்டர் லோயிசை வராந்தாவுக்குக் கூப்பிட்டு நிபந்தனை போட்டார். மாட்டாஸ்பத்திரியில் ஊசி போடவேண்டும், முனிசிபாலிட்டிப் பித்தளை வில்லை கழுத்தில் இருக்கவேண்டும், நகம் வெட்டவேண்டும், கார்பாலிக் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக் கொண்டுவரவேண்டும், கட்டுப் போட்ட இடத்துப் பக்கம் போகக்கூடாது. இதெல்லாம் செய்தால் ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் கொண்டுவரலாம். பெரிய டாக்டரம்மாவிடம் அவர் சொல்லிக்கொள்வார்.

லோயிஸ் தயங்கினாள். "நான் வரக்கூடாதுன்னு சங்கத்துல சொல்லியிருக்காங்க சிஸ்டர்."

"ஜெபம் பண்ணத்தான கூடாதுன்னாங்க? நாயப் புடிச்சிக்கினு வரக்கூடாதுன்னு சொன்னாங்களா?"

அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

சுந்தர்ராஜ் வீட்டுக்கு வந்ததும் பயிற்சியில் அவரும் சேர்ந்துகொண்டார். ஆஸ்பத்திரி என்றால் சத்தம், அது அவருக்குத் தெரியும். மேஜர் சாப்பிடும்போது பின்னால் நின்று பித்தளைத் தட்டைக் கீழே போடுவார், கைத்தடியைச் சரிப்பார், பழைய தகரப் பெட்டியை இழுப்பார். முதலில் துள்ளிய நாய் கொஞ்ச நாளில் காதைக்கூட அசைக்கவில்லை. அக்கம்பக்கத்தார்தான் சுந்தர்ராஜுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்தார்கள்.

அப்படியாக ஒவ்வொரு ஞாயிறும் நாலரைக்கு லோயிசும் மேஜரும் பெண்கள் வார்டுக்குள் போவார்கள். அந்த நேரத்தில் சங்கத்துப் பெண்கள் ஆண்கள் வார்டில் பாடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் இங்கே வருவதற்குள் இவள் குழந்தைகள் வார்டுக்குப் போய்விடுவாள். முகத்தில் முகம் முட்டிக்கொள்ளாமல் எல்லாம் நடந்தது. லோயிஸ் பேசுவதற்கு என்று போகவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்காருவாள். நோயாளி நாயைத் தடவிக்கொண்டிருப்பாள், கண் நாய் மேலே இருக்கும், பேச்சு மட்டும் லோயிசிடம் வரும். முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசுகிறதெல்லாம் நாயைப் பார்த்துச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. மருமகள் அடித்ததைச் சொன்னவர்கள் உண்டு. செத்துப் பிறந்த குழந்தைக்கு மனதுக்குள் வைத்த பெயரைச் சொன்னவளும் உண்டு. லோயிஸ் கேட்டுக்கொள்வாள். அவர்கள் தேடுவது நாயைத்தான், தான் கயிறு பிடிக்கிற ஆள் என்பது அவள் எண்ணம். அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது.

மூலைக் கட்டிலில் மணியம்மா இருந்தாள். வெதுருகுப்பத்துக்கு அந்தப் பக்கத்துக் கூலிக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், கரும்பு ஏற்றின வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு ஒடிந்துபோனவள். காலைத் தூக்கிக் கட்டி, கப்பியில் கயிறு போட்டு எடைக்கல் தொங்கவிட்டிருந்தார்கள். மாதக்கணக்கில் அப்படியே மல்லாந்து கிடக்கவேண்டும். மகன் கரும்பு வெட்டுக்கு ஊர் ஊராக மாறிப் போகிற ஆள், வருவதில்லை. அவள் வாய்க்கு வார்டே பயப்படும்.

முதல் நாள் அவள், "மனுசாளுக்கே இங்க கஞ்சி சரியா ஊத்தல, நாயி ஒண்ணு கொறச்சலா?" என்றாள். இரண்டாவது வாரம், "வந்துட்டியா, வா, உக்காரு" என்றாள். நாயைச் சொன்னாளா லோயிசைச் சொன்னாளா என்று லோயிஸ் யோசிக்கவில்லை.

அந்த மணியம்மாவிடம் ஒருநாள் லோயிசே வாய் திறந்துவிட்டாள். அன்றைக்குக் காலையில் சபைச் செயலாளர் கிருபானந்தம் வீட்டுக்கு வந்துபோயிருந்தார். தேவானந்தம் அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டாராம். ரேணிகுண்டா சமாச்சாரத்தைப் பற்றிப் பேச்சில்லை, சம்மதித்தது அவர், மன்னித்ததும் அவர். லோயிஸ் போய்விட்டால் சபையில் எல்லாம் பழையபடி ஆகிவிடும், சங்கத்திலும் சேர்த்துக்கொள்வார்கள். லோயிஸ் முடியாது என்று சொல்லியனுப்பியிருந்தாள். சொல்லிவிட்டாளே தவிர மனசு ஆறவில்லை. மேஜரின் முதுகைத் தடவியபடி, தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் மணியம்மாவிடம் சொன்னாள். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

மணியம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அந்த ஆளு நல்லா பாடுவானா?" என்று மட்டும் கேட்டாள்.

"நல்லா பாடுவாரு."

"பாடட்டும்" என்றாள் மணியம்மா, துப்புகிற மாதிரி.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தக் கூத்து நடந்தது.

ஆஸ்பத்திரியில் ஞாயிறு பார்வையாளர் நேரம் நாலரையிலிருந்து ஆறு. நர்சுகள் டூட்டி மாறுகிற கணக்கில் யாரோ எப்போதோ வைத்த நேரம். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகுகாலம் என்பது காம்பவுண்டில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் கட்டிலில் கிடந்தவர்களில் பாதிப் பேருக்கு அது கை ரேகை மாதிரி தெரியும். கருப்பு நாய் பைரவருடையது, ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்தில் பைரவருக்கு வேண்டிக்கொண்டால் நடக்கும் என்பதும் தெரியும். மல்லாந்து கிடந்த மணியம்மா இதையெல்லாம் கூட்டிப் பார்த்திருக்கிறாள்.

"கருப்பு நாயி. ஞாயித்துக்கெழம. ராவுகாலம் பொறக்கறப்ப உள்ள வருது, முடியறப்ப வெளிய போவுது. ஒரு வாரம் தப்பல. இதுக்கு மேல அந்தச் சாமி உங்களுக்கு இன்னாத்த காட்டணும்?" என்று வார்டையே பார்த்துக் கேட்டாளாம்.

அந்த ஞாயிறு லோயிஸ் மேஜரை மணியம்மா கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு, தபீதாள் சிஸ்டர் கூப்பிட்டாரென்று மருந்து அறைக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் நாய்க்கு நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். கழுத்தில் செவ்வரளி மாலை. அதற்கு மேலே வடை மாலை. எதிர்க்கட்டில் நோயாளிக்குத் துணையாக இருந்த பாப்பாத்தி என்கிறவள் வீட்டில் சுட்டுக் கோத்துக்கொண்டு வந்தது. நடக்கிறவர்கள் நாயைச் சுற்றி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நடக்க முடியாதவர்கள் கட்டிலிலிருந்தே கும்பிட்டார்கள். மணியம்மா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சாமி என்னவோ தன் மாலையிலிருந்தே ஒரு வடையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது.

"அய்யய்யோ!" என்று லோயிஸ் முந்தானையால் குங்குமத்தைத் துடைக்கக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் பாட்டுச் சத்தம். ஆண்கள் வார்டில் அன்றைக்கு ஆள் குறைவு, சங்கத்துப் பெண்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஜெயகுமாரியம்மா பாடிக்கொண்டே உள்ளே வந்தார். பாட்டு பாதி வரியில் நின்றது. பின்னால் வந்தவர்கள் அவர் முதுகில் வந்து மோதிக்கொண்டார்கள்.

"இன்னா இது?" என்றார் ஜெயகுமாரியம்மா.

நாயைச் சுட்டி நீண்ட அவர் கைதான் மேஜருக்குத் தெரிந்தது. எழுந்து, குங்குமமும் வடையுமாக, வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் போயிற்று.

விஷயம் அன்றைக்கே காம்பவுண்டு முழுக்கப் பரவிவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில், சபையார் வீட்டு நாய்க்கு, பூஜை. ஒரு வீட்டில் அதை நாற்காலியில் உட்காரவைத்துக் கும்பிட்டார்கள் என்றார்கள், அடுத்த வீட்டில் தேங்காய் உடைத்தார்கள் என்றார்கள். சபைக் கமிட்டி கூடியது. லோயிசை உள்ளே கூப்பிடவில்லை, அப்பாவும் மகளும் சபைக் கோயில் படியில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டாக்டரம்மா உள்ளே போய், நாயை நிறுத்தவேண்டாம், நோயாளிகள் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், எனக்கு அது வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். அதனால் கமிட்டிக்கு நாயை விலக்க முடியவில்லை.

கிருபானந்தம் வெளியே வந்து தீர்மானத்தைச் சொன்னார். நாய் போகலாம். ஆனால் அதன் கருப்பு தெரியக்கூடாது, வெள்ளைத் துணியில் சட்டை தைத்து, அதில் சிவப்பு நூலால் வேத வசனம் பின்னிப் போட்டுக் கூட்டிப்போகவேண்டும். கூட்டிப்போவது ஜெயகுமாரியம்மா. நல்ல சாட்சியுள்ள, சபை மெச்சுகிற ஆள் கையில் இருந்தால் இப்படியெல்லாம் நடக்காது.

"நீ தப்பா நெனச்சிக்காத லோயிஸ். நீ திருப்பதிக்குப் போய் உன் வீட்ட சரிபண்ணிக்கோ. அப்பறம் நாயும் உன்னுதுதான், சங்கமும் உன்னுதுதான்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை அவர். நல்லது செய்கிறதாகத்தான் நினைத்தார்.

சுந்தர்ராஜ் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தார். "நாயக் குடுக்காத. நாயி வேணும்னா அவங்களே ஒருத்தரு மாத்தி ஒருத்தரு வால ஆட்டிக்கினு போவட்டும்!"

"குடுக்கலன்னா மணியம்மாக்கு யாரு நைனா இருக்காங்க?" என்றாள் லோயிஸ். "அவங்க வாரமெல்லாம் இதுக்காகத்தான படுத்துக்கினு இருக்காங்க."

கொடுத்தாள். ஆனால் ஒரு ஆசையை ரகசியமாக வைத்துக்கொண்டுதான் கொடுத்தாள். ஜெயகுமாரியம்மா கூப்பிட்டால் மேஜர் போகாது. காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். என்னைப் பார்க்கும். அப்போது அவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து, வெள்ளைச் சட்டையை மாட்டி, கையை நீட்டினார். மேஜர் எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு போயிற்று. தெருமுனை வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"துரோகி" என்றாள் லோயிஸ், வாய்விட்டே. சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. கையை நீட்டினால் போ என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே. அது சொன்னபடி கேட்டிருக்கிறது. அதனால் நாய் மேலே கோபப்படவும் வழியில்லாமல், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மேஜர் போகும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேரும். உடம்பில் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். லோயிஸ் சட்டையைக் கழற்றித் துவைத்துக் காயப்போடுவாள். வார்டில் யாரும் தன்னைக் கேட்டதாக ஜெயகுமாரியம்மா சொல்லவில்லை. கேட்டிருக்கமாட்டார்கள் என்று லோயிசுக்கும் தோன்றியது. நாய்தான் போகிறதே.

அந்தச் சமயம் பார்த்துக் கிருபானந்தம் மறுபடி வந்தார். சபையில் நடக்கிற அறுப்பின் பண்டிகைக்குத் தேவானந்தம் சித்தூருக்கு வந்து பாடப்போகிறார், அப்படியே அவளைக் கையோடு அழைத்துப் போகட்டும், சபையும் சந்தோஷப்படும் என்றார். எப்போதும் முடியாது என்கிறவள் அன்றைக்கு, "யோசிச்சி சொல்றேன் ஐயா" என்றாள். ரேணிகுண்டா இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நாலு பேரோடு ஒருத்தியாக உட்கார்ந்து பாடலாமே என்று மனசு அந்த அளவுக்கு இறங்கிவிட்டது.

பண்டிகைக்கு முந்தின வாரம் தபீதாள் சிஸ்டரை மார்க்கெட்டில் பார்த்தாள். கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சிஸ்டர், "மணியம்மாவ நாளைக்கு அனுப்பறோம். மகன் வர்றான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

லோயிஸ் அன்றைக்கே போனாள். நாய் இல்லாமல், கையில் எதுவும் இல்லாமல், எல்லாரையும் போல வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மணியம்மா கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கைத்தடி. அவள் உட்கார்ந்து லோயிஸ் பார்த்ததே இல்லை. எதிர்பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தாள்.

"வந்தியா மகராசி!" என்று மணியம்மா ஆரம்பித்தாள். வார்டே திரும்பியது. "செத்தனா இருக்கனான்னு பாக்க வந்தியா? எத்தினி ஞாயிறு ஆச்சு! நாயி வருது, வெள்ளச் சட்ட போட்டுக்கினு, பேண்டு வாத்தியக்காரன் மாதிரி. அது பின்னால அந்த அம்மா வருது. வாசலப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து வலிதான் மிச்சம். டீச்சரம்மா எங்கன்னு வாரா வாரம் கேக்கறேன். ஊருக்குப் போயிருக்கான்னு ஒரு வாரம் சொல்லுது. புருசன் வூட்டுக்குப் போவப்போறான்னு போன வாரம் சொல்லுது. நெசமா?"

லோயிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது பார்ப்பதற்கு நாயும் இல்லை. "யோசிச்சிக்கினு இருக்கேன்."

"யோசிக்கிறியா? அப்ப நான் நாயிக்கு வட மால போட்டது இன்னாத்துக்கு?"

"உங்க கால் கூடணும்னுதான?"

மணியம்மா அவளை ஒரு முட்டாளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "காலா? கால டாக்டரம்மா பாத்துக்கினு கீது. கல்லக் கட்டித் தொங்கவுட்டா எலும்பு தானா கூடிப்பூடுது. அதுக்கு எதுக்கு சாமி? ஒன்ன அந்தப் பாட்டுக்காரன் கிட்ட திருப்பி அனுப்பக்கூடாதுன்னு வேண்டிக்கினேன். பாப்பாத்தி கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வட சுட வெச்சேன். நீ இன்னாடான்னா யோசிக்கிறேன்ற!"

சின்ன வயசிலிருந்து இந்த வார்டில் கட்டில் கட்டிலாக நின்று நோயாளிகளுக்காக ஜெபம் பண்ணியவள் அவள். கட்டிலில் கிடக்கிற ஒருத்தி, கால் ஒடிந்து மல்லாந்து கிடந்தபடி, தனக்காக வேண்டிக்கொண்டிருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. சபையில் ஒருத்தரும் அப்படி வேண்டிக்கொள்ளவில்லை. அவளே தனக்கு அப்படிக் கேட்கத் துணியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, விக்கி விக்கி அழுதாள்.

"அழுவாத. மூக்கத் தொட" என்றாள் மணியம்மா. "அழுதா ஆச்சா? போவ மாட்டேன்னு சொல்லு."

"போக மாட்டேன்."

"எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? அவங்க கிட்ட போய் சொல்லு."

லோயிஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கிருபானந்தம் வீட்டுக்குப் போனாள். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். யோசித்துவிட்டேன், திருப்பதிக்குப் போகமாட்டேன், இனிமேல் இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு வரவேண்டாம் ஐயா என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொன்னதற்கு உட்காராமல் வந்துவிட்டாள். அறுப்பின் பண்டிகைக்குத் தேவானந்தம் வந்தார், பாடினார், நன்றாகத்தான் பாடினார், திரும்பிப் போனார்.

சங்கத்தில் லோயிசைக் கடைசி வரைக்கும் சேர்த்துக்கொள்ளவில்லை. பின்னால் ஜெயகுமாரியம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, நாய்க் கயிறு லோயிஸ் கைக்கே திரும்பி வந்தது. அதற்குக் கமிட்டி எந்தத் தீர்மானமும் போடவில்லை. மேஜருக்குப் பிறகு இன்னும் இரண்டு நாய்கள் அவளோடு அந்த வார்டுக்குப் போயின. அதெல்லாம் பிற்பாடு நடந்தது.

பண்டிகை முடிந்த ஞாயிறு, நாலரைக்கு, அவள் கையில் கயிறு இல்லை. சீட்டு வாங்கிக்கொண்டு பெண்கள் வார்டுக்குள் போனாள். மூலைக் கட்டிலில் புது ஆள் இருந்தாள். நாராயணவனத்துப் பக்கத்துப் பெண், பொன்னியம்மா என்று தலைமாட்டில் எழுதியிருந்தது. மற்றக் கட்டில்களிலெல்லாம் ஆட்கள் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இவளிடம் யாரும் வந்திருக்கவில்லை. லோயிஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் அவளையும், காலியாக இருந்த அவள் கையையும் பார்த்தாள். "ஆரப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஒன்னத்தாம்மா" என்றாள் லோயிஸ்.